ஒரு கால், இரண்டு பெடல்

விசாரணைக் கூட்டத்துக்கு இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது.

போர்டுக்காரன் தன் கடை ஷட்டரின் முன்னால் குந்தி உட்கார்ந்து சாவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். சாவி பூட்டுக்குள் பாதி போய் நின்றது. எடுத்தான். ஊதினான். மறுபடி நுழைத்தான். விபத்து நடந்ததிலிருந்து தினமும் காலையில் இதே கூத்துதான். புதுச் சாவி வெட்டிக்கொள்ள ஐந்து நிமிடம் ஆகாது. ஆனால் சாவிக் கடைக்காரர், "இது எப்படி வளைஞ்சுது?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்காகவே அவன் அந்தப் பக்கம் போகவில்லை.

"சாவி வளைஞ்சிருக்கு சார். பூட்டு மேல கோவிச்சுக்கிட்டா பாவம் அது என்ன பண்ணும்?"

திரும்பிப் பார்த்தான். விளக்குக் கம்பம் போல ஓர் இளைஞன் நின்றான். அவன் தோளுக்குக் கீழே ஒரு பெண்மணி. நாற்பது வயது இருக்கலாம். கையில் துணிப்பை, காலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுகிற அளவில் கறுப்பு ஷூ.

"நான் விபத்துகளை விசாரிக்கிறவ," என்றார் அவர். "இன்சூரன்ஸ் ஆபீஸ்ல என்னை எறும்புன்னு சொல்லுவாங்க. இவன் என் உதவியாளர்."

"ரேடியோ," என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டான் இளைஞன். "எனக்கு ஆஃப் பட்டன் கிடையாது, அதனால வெச்ச பேர்."

போர்டுக்காரன் வளைந்த சாவியை உள்ளங்கையால் மறைத்தான். எறும்பு மேடத்தைப் பற்றி அவன் கேள்விப்பட்டிருந்தான். தன் எடையைப் போலப் பல மடங்கு பொய்யை இழுத்துக்கொண்டு வந்து வெளியே போட்டுவிடுவார் என்று சொல்வார்கள்.

"ரேஸ் கிளப்ல இருந்து அனுப்பினாங்களா?"

அவர் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். குனிந்து ஷட்டரின் ஒரு மூலையைப் பிடித்தார். ரேடியோ மறு மூலையைப் பிடித்தான். சாவி ஒருவழியாகத் திரும்பியது. கடை திறந்தது.

பெயர்ப் பலகைகள் செய்கிற கடை. சுவர் முழுக்க மாதிரிகள். டாக்டர் பெயர்கள், வீட்டு எண்கள், 'நாய் ஜாக்கிரதை', 'காலணிகளை வெளியே விடவும்.' ஒரு மேசை, அதில் மூன்று இழுப்பறைகள். மூன்றாவது இழுப்பறையைப் பார்க்கக் கூடாது என்று போர்டுக்காரன் நினைத்தான். நினைத்த மாத்திரத்தில் கண் அங்கே போய்விட்டு வந்தது.

"உங்க தங்கச்சி இப்ப எப்படி இருக்காங்க?"

"கணுக்கால் நொறுங்கிப் போச்சு. தகடு வெச்சுத் தெச்சிருக்காங்க." தகடு என்ற சொல்லைச் சொல்லும்போது அவன் நாக்கு ஒட்டிக்கொண்டது. "நடப்பா. கொஞ்சம் சாய்ச்சு நடப்பான்னு டாக்டர் சொன்னார்."

எட்டு நாளைக்கு முன்னால், பந்தயத் தடத்தின் மூன்றாவது வளைவில் தங்கையின் கார் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேரே போய் டயர் அடுக்கில் மோதியது. அன்றைக்கு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் தங்கை வீட்டுக்காரர் இவன் தோளைப் பிடித்து உலுக்கினார். "எப்படி மச்சான் ஆச்சு? சொல்லுங்க, எப்படி?" இவன் வாயிலிருந்து ஒரே ஒரு வாக்கியம் வந்தது. "பிரேக் பிடிக்கல போல, மெக்கானிக் சரியாப் பார்க்கல." மறுநாள் காலையில் அந்த வாக்கியம் ஒரு புகார் மனுவாகி வந்து நின்றது. கையெழுத்துப் போடு என்றார்கள். போட்டான்.

நாளைக்குக் கூட்டம். பதினோரு மணிக்குக் கிளப் ஆட்கள் கூடி, தடத்தில் வண்டிகளைப் பரிசோதிக்கிற மெக்கானிக்கின் பட்டறையை மூடுவார்கள். அதற்கப்புறம் போலீஸ். அந்த மெக்கானிக்கை எல்லோரும் ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு அந்தப் பட்டறையை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது.

"எனக்கு ஒரு உதவி வேணும்," என்றார் எறும்பு. "ரேஸ்ல ஹீல்-டோன்னு ஒரு கால் வித்தை சொல்றாங்களே, அது எனக்குத் தெரியாது. அது தெரியாம அந்த வண்டி ஏன் மோதுச்சுன்னு எனக்குப் புரியாது. தங்கச்சிக்கு நீங்கதான் கத்துக்குடுத்தீங்களாமே. எனக்கும் கத்துக்குடுங்க."

"யார் சொன்னாங்க?"

"கேள்விப்பட்டேன். அதுக்கு முன்னாடி பட்டறைக்கு ஒரு நடை போயிட்டு வந்துடலாம், வாங்க."

ரேடியோ சுவரைப் பார்த்தபடி நின்றான். "'உள்ளே வராதே'ன்னு நாலு டிசைன் இருக்கு சார். 'உள்ளே என்ன இருக்கு'ன்னு ஒண்ணுகூட இல்லையே."

இருவரும் முதுகு காட்டிய அந்த ஒரு நொடியில் போர்டுக்காரன் மூன்றாவது இழுப்பறையைத் திறந்தான். துடைக்கிற துணியில் சுற்றிய சின்னப் பொட்டலம். எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். ஏன் எடுத்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. கூடவே வைத்திருக்கவும் பயம், விட்டுவிட்டுப் போகவும் பயம்.

*

ஸ்பேனரின் பட்டறையில் தார்ப்பாய்க்கு அடியில் கார் நின்றது. மூக்கு நசுங்கி, ஒரு கண் அவிந்து.

ஸ்பேனர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஒல்லியான மனிதர். எட்டு நாளில் இன்னும் இளைத்திருந்தார். போர்டுக்காரனைப் பார்த்ததும் திட்டுவார் என்று அவன் தயாராக இருந்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான்.

"பாப்பா எப்படி இருக்கு தம்பி? வலி குறைஞ்சுதா?"

போர்டுக்காரன் தலையை மட்டும் ஆட்டினான்.

"உன் மேல எனக்குக் கோவம் இல்லப்பா. என் கையாலதான பார்த்து, ஓகேன்னு ஸ்டிக்கர் ஒட்டினேன். நாளைக்கு நான் ஒண்ணும் வாதாடப் போறதில்ல. என்னத்தைப் பார்க்காம விட்டேன்னுதான் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. ராத்திரி படுத்தா அந்த வண்டியை முதல்ல இருந்து கழட்டிக் கழட்டிப் பார்க்கிறேன். ஒண்ணும் சிக்கல. வயசாயிடுச்சு போல. கண்ணை நம்ப முடியல."

பாக்கெட்டில் இருந்த பொட்டலம் தொடையில் குத்தியது. போர்டுக்காரன் கொஞ்சம் நகர்ந்து நின்றான். அப்போதும் குத்தியது.

எறும்பு இதற்குள் காரின் கதவைத் திறந்து, டார்ச்சோடு பெடல்கள் இருக்கும் இடத்தில் தலையை நுழைத்திருந்தார். கறுப்பு ஷூக்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"உக்காருங்க சார்," என்றான் ரேடியோ. "மேடம் உள்ள போனா லேசுல வெளிய வர மாட்டாங்க. போன மாசம் ஒரு லாரிக்கு அடியில போய்ப் படுத்தாங்க. டிரைவர் ரிப்பேர் ஆளுன்னு நெனச்சு, அப்படியே ஆயிலையும் மாத்திடச் சொன்னான்."

"மாத்திக் குடுத்தேனே," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பிறகு வேறு குரலில்: "ஸ்பேனர் சார், ஆக்ஸிலரேட்டர் பெடல்ல ரெண்டு துளை இருக்கே, எதுக்கு?"

"துளையா?" ஸ்பேனர் ஓடினார். குனிந்தார். "இது... நான் பார்த்தப்ப இல்லையே. மொட்டையா இருந்துச்சு."

"துளை இருக்கு. மாட்டினது எதுவும் இல்ல." எறும்பு வெளியே வந்தார். உள்ளங்கையை விரித்துக் காட்டினார். மயிரிழை போல, சுருள் சுருளாக, நாலைந்து இரும்புத் துருவல். "டிரில் போட்டப்ப விழுந்தது. கீழே ஒட்டியிருக்கிற கார்ப்பெட்ல சிக்கியிருந்துச்சு. கால் மிதிக்கிற மேட் எங்க?"

"மேட்டா? தடத்துக்குள்ள போற எந்த வண்டியிலயும் அது இருக்கக் கூடாதுங்க. பெடலுக்கு அடியில சுருட்டிக்கும். முதல் வேலையா அதை உருவிட்டுத்தான் மத்ததைப் பார்ப்பேன்." ஸ்பேனர் அலமாரியிலிருந்து ஒரு ரப்பர் மேட்டை எடுத்து வந்தார். அதன் முதுகில் சாக்பீஸால் வண்டி எண் எழுதியிருந்தது.

எறும்பு அதை வெயிலில் பிடித்து, ஒவ்வொரு பள்ளமாக விரலால் தடவினார். மணல் இருந்தது. ஒரு மிட்டாய்க் காகிதம் இருந்தது. துருவல் ஒன்றுகூட இல்லை.

"ரேடியோ, சொல்லு."

"மேட் இருக்கும்போது டிரில் போட்டிருந்தா துருவல் மேட் மேல விழணும். கார்ப்பெட் மேல விழுந்திருக்குன்னா, மேட்டை எடுத்தப்புறம் போட்டிருக்காங்க." ரேடியோ மூச்சு விட்டுக்கொண்டான். "மேட்டை எடுத்தது பரிசோதனையில. அப்ப துளை வந்தது பரிசோதனைக்குப் பின்னாடி. பரீட்சை முடிஞ்சு பேப்பர் குடுத்தப்புறம் யாரோ விடையைத் திருத்தியிருக்காங்க."

ஸ்பேனர் மேட்டைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

"அப்ப... நான் பார்த்தது சரியா?" என்று கேட்டார். சின்னப் பையன் கேட்கிற மாதிரி இருந்தது.

"சரி. ஆனா இது பத்தாது சார். 'நீயே போட்ட துளையா இருக்கும்'னு நாளைக்கு ஒருத்தர் கேப்பார். எதுக்காகத் துளை போட்டாங்க, அதுல என்ன இருந்துச்சு, அது வண்டியை எப்படி மோத வெச்சுதுன்னு காட்டணும்." எறும்பு போர்டுக்காரனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எதுவும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "கிளம்பலாமா? எனக்குப் பாடம் எடுக்கணுமே நீங்க."

கிளம்பும்போது ஸ்பேனர் பின்னாலேயே வந்து போர்டுக்காரனின் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த அம்மாவைக் கூட்டிட்டு வந்தியே தம்பி. நல்லா இருப்பே."

*

போர்டுக்காரன் வீடு இருந்த கட்டடத்தின் அடியில், தரைக்குக் கீழே கார் நிறுத்துமிடம். தங்கைக்குச் சாயங்காலங்களில் அவன் சொல்லிக்கொடுத்த அதே தூண், அதே சுவர். எறும்பின் பழைய காரை ரேடியோ அங்கேயே கொண்டுவந்து நிறுத்தினான். வேறு இடம் பார்க்கலாம் என்று சொல்ல போர்டுக்காரனுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

எறும்பு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். அவன் பக்கத்தில். ரேடியோ வெளியே நின்று, திறந்த கதவு வழியாகப் பெடல்கள் மேல் டார்ச் அடித்தான்.

"வளைவு வருது," என்று ஆரம்பித்தான் போர்டுக்காரன். சொல்லிப் பழகின வார்த்தைகள் தாமாக வந்தன. "பிரேக்கை அழுத்துறீங்க. அழுத்திக்கிட்டே கியரையும் குறைக்கணும். கிளச்சை மிதிச்சுக் கியரை இறக்கிட்டு அப்படியே விட்டா சக்கரம் வெடுக்குன்னு பிடிச்சு இழுக்கும். வண்டி தடுமாறும். அதனால கிளச்சை விடறதுக்கு முன்னாடி எஞ்சினுக்கு ஒரு தட்டு குடுக்கணும். ஆனா வலது கால் பிரேக்ல இருக்கே?"

"ஆமா, இருக்கே?"

"பாதத்தோட உள்பக்கம் பிரேக்லயே இருக்கட்டும். வெளிப்பக்கத்தை, இல்லன்னா குதிகாலை, அப்படியே சரிச்சு ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டு. சட்டுனு. கதவைத் தட்டற மாதிரி."

"ஒரே ஆளுக்கு ரெண்டு வேலை," என்றான் ரேடியோ. "கேக்கும்போதே என் கதை மாதிரி இருக்கு."

"எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிக்கட்டுமா?" என்று கேட்டார் எறும்பு.

"வேணாம் வேணாம். இங்க சத்தம் வந்தா மேல் வீட்டுக்காரங்க சண்டைக்கு வந்துடுவாங்க. ஆஃப்லயே பழகுங்க. நாங்களும் அப்படித்தான்..." அவன் நிறுத்தினான்.

எறும்பு இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டார். பிரேக்கை மிதித்தார். ஒருமுறை, இரண்டு முறை, மூன்று முறை. "அட, கல்லு மாதிரி ஆயிடுச்சே. இறங்கவே மாட்டேங்குது."

"அப்படித்தான் இருக்கும்."

"ஆக்ஸிலரேட்டர் எங்கேயோ பள்ளத்துல கிடக்கு. என் கால் எட்டலை." ஷூவைச் சரித்து, கணுக்காலை வளைத்து, பல்லைக் கடித்து முயன்றார். கால் வழுக்கிக் கீழே விழுந்தது. "உங்க தங்கச்சி கால் என்ன சைஸ்?"

"உங்க சைஸ்தான் இருக்கும்."

"அவங்களுக்கு எப்படி எட்டுச்சு?"

நிறுத்துமிடத்தில் எங்கோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. போர்டுக்காரன் சத்தம் வந்த பக்கம் திரும்பிக்கொண்டான்.

"பழகிட்டா," என்றான்.

"எனக்குப் பொறுமை இல்ல. ரேடியோ, அந்தக் கட்டையைக் குடு."

ரேடியோ துணிப்பைக்குள்ளிருந்து ஒரு சின்ன மரக்கட்டையும் பசைப் பட்டையும் எடுத்தான். குனிந்து கட்டையை ஆக்ஸிலரேட்டர் மேல் வைத்தான். பிரேக் பெடலின் மட்டத்துக்குச் சரியாக வந்ததும் பட்டையைச் சுற்றி ஒட்டினான். எறும்பு காலை வைத்தார். இந்தத் தடவை பாதம் இரண்டின் மேலும் பாந்தமாக உட்கார்ந்தது. சரித்தார், தட்டினார். சரித்தார், தட்டினார்.

"அடேயப்பா. வெண்ணெய் மாதிரி இருக்கே."

போர்டுக்காரனுக்குக் காது மடல் சுட்டது. அதே வார்த்தை. அதே சந்தோஷம். விபத்து நடந்த அன்று காலை, பந்தயத் தடத்தின் வண்டி நிறுத்துமிடத்தில், புது ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, எஞ்சினை ஆஃப் செய்த வண்டியில் காலை வைத்துப் பார்த்துவிட்டு தங்கையும் இதையேதான் சொன்னாள்.

"இப்ப பாருங்க," என்றார் எறும்பு. "கியர் நியூட்ரல்ல இருக்கு. ஹேண்ட்பிரேக் போட்டிருக்கு. பிரேக்கை முழு பலத்தோட அழுத்திக்கிட்டிருக்கேன். அழுத்தம் அப்படியே இருக்கும், காலை வேற எங்கேயும் நகர்த்த மாட்டேன். ரேடியோ, டார்ச்."

சாவியைத் திருப்பினார்.

எஞ்சின் பிடித்தது. டார்ச் வெளிச்சத்தில் பிரேக் பெடல், யாரோ அடியிலிருந்து இழுத்த மாதிரி, மெல்லக் கீழே இறங்கியது. அதோடு எறும்பின் பாதமும் இறங்கியது. பாதத்தின் ஓரம் கட்டையில் உட்கார்ந்தது. அழுத்தியது. எஞ்சின் அலறத் தொடங்கியது. நாலு சுவரும் அந்த அலறலை வாங்கித் திருப்பி அடித்தன.

போர்டுக்காரன் தன்னையறியாமல் இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். மூன்றாவது வளைவின் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்ட சத்தம்.

எறும்பு எஞ்சினை அணைத்தார்.

"யாருய்யா அது கீழ?" என்று மேலேயிருந்து காவலாளியின் குரல் வந்தது.

"சும்மா டெஸ்டிங்! முடிஞ்சுது!" என்று கத்தினான் ரேடியோ.

"எஞ்சின் ஓடும்போது அதோட உறிஞ்சல் பிரேக்குக்கு ஒத்தாசை பண்ணுது," என்றார் எறும்பு. பாடப் புத்தகம் படிக்கிற குரல். "எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு மூணு தடவை மிதிச்சா அந்த ஒத்தாசை தீர்ந்துடும். பெடல் கல்லாகி மேலேயே நிக்கும். அந்த உயரத்தை அளந்து, அதுக்குச் சமமா ஆக்ஸிலரேட்டர் மேல ஒண்ணை மாட்டினா, நிக்கிற வண்டியில அருமையா இருக்கும். ஓடற வண்டியில பிரேக்கை மெதுவா மிதிச்சாலும் ஒண்ணும் தெரியாது. அன்னைக்கு முதல் ரெண்டு சுத்து, முன்னாடி வழிகாட்டி வண்டி மெதுவாப் போச்சு. மூணாவது சுத்துலதான் முழு வேகம். வளைவு வந்ததும் முழு பலத்தோட மிதிச்சிருக்காங்க. பிரேக் இறங்கியிருக்கு. கால் ரெண்டையும் சேர்த்து மிதிச்சிருக்கு. நிறுத்தணும்னு அழுத்த அழுத்த..."

"போதும்," என்றான் போர்டுக்காரன்.

எட்டு நாளாக அவன் ஒரு 'ஒருவேளை'யைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தான். ஒருவேளை அதனால் இல்லாமல் இருக்கலாம். ஒருவேளை டயராக இருக்கலாம். ஒருவேளை ஸ்பேனர் நிஜமாகவே எதையாவது கவனிக்காமல் விட்டிருக்கலாம். அந்த ஒன்றை வைத்துத்தான் சாப்பிட்டான், தூங்கினான், ஸ்பேனரின் பேருக்கு எதிரே கையெழுத்துப் போட்டான். இப்போது அதுவும் போய்விட்டது.

"இதை நாளைக்கு அவங்க முன்னாடி செஞ்சு காட்டுவேன்," என்றார் எறும்பு. "யார் மாட்டினாங்க, யார் கழட்டினாங்கன்னு நான் சொல்லப் போறதில்ல. என்னைக் கூப்பிட்டவங்க அதைக் கேக்கல."

"யார் உங்களைக் கூப்பிட்டது?"

"வாங்க. அவங்களைத்தான் இப்ப பார்க்கப் போறோம்."

ரேடியோ கட்டையை உரித்து எடுத்துப் பைக்குள் போட்டான். "போற வழியில ஒரு சாவிக் கடை இருக்கு சார்," என்றான், யாரையும் பார்க்காமல். "சாவியை வெச்சு ஸ்குரூ கழட்டினா முனை வளையத்தான் செய்யும். நானும் வளைச்சிருக்கேன்."

*

ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடிக்கு அவர்கள் ஏறியபோதுதான், கூப்பிட்டது யார் என்று போர்டுக்காரனுக்கு உறைத்தது. கால்கள் படியிலேயே நின்றன. ரேடியோ பின்னாலிருந்து மெல்ல அவன் முதுகைத் தொட்டான். தள்ளவில்லை. தொட்டான், அவ்வளவுதான்.

தங்கை தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது கால் கட்டோடு உயரத்தில் கிடந்தது. அவள் வீட்டுக்காரர் மருந்து வாங்கப் போயிருந்தார்.

"வந்துட்டீங்களா மேடம்?" என்றாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள். "ஐயோ, இவனையும் கூட்டிட்டு வந்துட்டீங்களா! அண்ணா, திட்டாத. உனக்கும் அவருக்கும் சொல்லாம நான்தான் இவங்களுக்கு போன் பண்ணினேன்."

"எதுக்கும்மா?"

"ஸ்பேனர் அண்ணனுக்காக. பட்டறையை மூடப் போறாங்களாமே. நர்ஸ் சொல்லித்தான் எனக்கே தெரியும். அண்ணா, அன்னைக்கு பிரேக் பிடிச்சுது. நல்லாவே பிடிச்சுது. என் கால்தான் தப்பு பண்ணுச்சு. பிரேக்கோட சேர்த்து அதையும் மிதிச்சிட்டேன். எஞ்சின் கத்தினது காதுல கேட்டுச்சு. பயத்துல இன்னும் அழுத்தினேன்." அவள் போர்வையின் ஓரத்தை மடித்தாள், விரித்தாள். "அதான், என் தப்புதான்னு நிரூபிச்சுக் குடுங்கன்னு இவங்களைக் கேட்டேன்."

ரேடியோவுக்கு இதில் சொல்ல ஏதாவது இருக்கும் என்று போர்டுக்காரன் எதிர்பார்த்தான். ரேடியோ வாயைத் திறந்தான். மூடிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கப் போய்விட்டான்.

"உனக்கு மூஞ்சி காட்டவே கூச்சமா இருந்துச்சு அண்ணா," என்றாள் தங்கை. "நீ எத்தனை நாள் உக்காந்து சொல்லிக்குடுத்த. என் கால் எட்டலைன்னு அந்தத் தகட்டை அளந்து வெட்டி, குத்தக் கூடாதுன்னு ஓரமெல்லாம் உரசி மழுக்கி... பதக்கம் மாதிரி பண்ணிக் கொண்டுவந்தியே. அவ்வளவு பண்ணியும் எனக்கு வரல பாரு."

போர்டுக்காரன் கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். அது சில்லென்று இருந்தது. ஒரு மனுஷர் தன் கண்ணின் மேல் பழி போட்டுக்கொண்டு ராத்திரி தூங்காமல் இருக்கிறார். இவள் தன் காலின் மேல் பழி போட்டுக்கொண்டு இங்கே கிடக்கிறாள். பழிக்கு உரியவன் மட்டும் கை காலெல்லாம் சுகமாக நடுவில் நிற்கிறான்.

"என்ன மேடம், பேசவே மாட்டேங்கறீங்க? என் தப்புதானே? நாளைக்குச் சொல்லிடுவீங்கல்ல?"

எறும்பு ஜன்னல் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டார். "சொல்ல வேண்டியது நான் இல்லம்மா," என்றார், கண்ணாடியைப் பார்த்தபடி.

போர்டுக்காரன் பாக்கெட்டில் கைவிட்டான். பொட்டலம் கதகதப்பாக இருந்தது. காலையிலிருந்து அவன் உடம்போடு இருந்த சூடு. அதைப் போர்வையின் மேல் வைத்துத் துணியைப் பிரித்தான். உள்ளங்கை அளவு அலுமினியத் தகடு, உயரம் கூட்ட அதோடு பிணைத்த கனமான இன்னொரு துண்டு, இரண்டு ஸ்குரூ. ஸ்குரூவின் தலையெல்லாம் கீறல்.

தங்கையின் முகம் மலர்ந்தது. "இதை எடுத்துட்டியா! நொறுங்கிப் போயிருக்கும்னு நெனச்சேன். ஸ்பேனர் அண்ணன் குடுத்தாரா? அவர் பார்த்து ஓகே சொன்னதுதானே இது?"

தலையை ஆட்டினால் போதும். ஒரே ஒரு ஆட்டு. எட்டு நாளாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறான். எறும்பு திரும்பிப் பார்க்கமாட்டார் என்று அவனுக்குத் தெரிந்தது. ரேடியோ கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே தாழ்வாரத்தில் தங்கை வீட்டுக்காரரின் செருப்புச் சத்தம் வந்தது. நெருங்கியது. கதவருகே நின்றது.

அவரும் கேட்கட்டும் என்று போர்டுக்காரன் குரலை உயர்த்தினான்.

"இல்லம்மா. இதை அவர் கண்ணால பார்க்கவே இல்ல. உன் கால் சரியாத்தான் மிதிச்சுது, தகடுதான் தப்பான உயரம். எஞ்சின் ஓடாத வண்டியில வெச்சு அளந்தேன். ஸ்பேனர் ஸ்டிக்கர் ஒட்டினதுக்கு அப்புறம், நீ ஹெல்மெட் வாங்கப் போயிருந்தப்ப, துளை போட்டு மாட்டினது நான். நீ ஆபரேஷன்ல இருந்தப்ப, உன் பையை எடுக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போய் இதைக் கழட்டி ஒளிச்சு வெச்சதும் நான்தான்."